கணிதத்தில் எஸ், விஞ்ஞானத்தில் பி: உயிரியல் பிரிவுக்கு அது போதுமா?

வாசகர் கேள்வி, 12 ஆடி

மகள் இம்முறை சாதாரண தரத்தில் விஞ்ஞானத்தில் பி சித்தியும் கணிதத்தில் எஸ் சித்தியும் பெற்றிருக்கிறாள். மருத்துவமோ அதற்கு அண்மித்த துறையோ படிக்க வேண்டும் என்பது அவளுடைய விருப்பம். கல்வி அமைச்சின் சுற்றறிக்கையின்படி தகுதி உண்டு என்று அயலவர்கள் சொல்கிறார்கள். பாடசாலையோ கணிதப் பெறுபேற்றைப் பார்த்துவிட்டுத் தயங்குகிறது. உயிரியல் படிக்கப் போகும் பிள்ளைக்குக் கணிதம் எதற்கு? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.
(கொக்குவிலிலிருந்து ஒரு தாய்)

12 ஆடி, மாலை (ஓர் ஆசிரியரின் பதில்)

சுற்றறிக்கையைப் பொறுத்தவரை அயலவர்கள் சொன்னது சரி. உயர்தரத்துக்குச் செல்லத் தாய்மொழியும் கணிதமும் உட்பட ஆறு பாடங்களில் சித்தியும், அவற்றுள் மூன்றில் சி அல்லது அதற்கு மேலான சித்தியும் வேண்டும் (சித்திகள் மேலிருந்து கீழாக ஏ, பி, சி, எஸ்). உயிரியல் விஞ்ஞானப் பிரிவுக்கென்று மேலதிகமாகக் கேட்கப்படுவது விஞ்ஞானத்தில் சி, கணிதத்தில் எஸ். பௌதிக விஞ்ஞானப் பிரிவுக்கு, அதாவது ஊரில் எல்லோரும் 'மற்ஸ்' என்று சொல்லும் பிரிவுக்கு, இதன் மறுதலை: கணிதத்தில் சி, விஞ்ஞானத்தில் எஸ். உங்கள் மகளுக்கு வாசல் திறந்தே இருக்கிறது.

ஆனால் உயிரியல் பிரிவில் உயிரியல் என்பது மூன்று பாடங்களில் ஒன்று மட்டுமே என்பதை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம். மற்ற இரண்டும் இரசாயனவியலும் பௌதிகவியலும். கணிதத்தில் ஏ எடுத்து மற்ஸ் பிரிவுக்குப் போன பிள்ளை எழுதும் அதே பௌதிகவியல் வினாத்தாளையும் அதே இரசாயனவியல் வினாத்தாளையும்தான் உங்கள் மகளும் எழுதப் போகிறாள். உயிரியல் பிள்ளைகளுக்கென்று இலகுவான தாள் ஒன்று கிடையாது. பல்கலைக்கழக அனுமதிக்கான இசட் புள்ளியும் (தோற்றியவர்களின் சராசரியோடு ஒப்பிட்டுக் கணிக்கும் புள்ளி) பாடம் பாடமாகவே கணிக்கப்படுகிறது. பௌதிகவியலுக்குத் தோற்றிய அனைவரோடும் சேர்த்தே அவளுடைய பௌதிகவியல் புள்ளி எடைபோடப்படும். ஆகவே கணிதம் எதற்கு என்ற கேள்விக்கு என் பதில்: மூன்றில் இரண்டு பாடங்களுக்கு.

அவளை அனுப்ப வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அனுப்புங்கள். அதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. விரிவாக நாளை எழுதுகிறேன்.

12 ஆடி, இரவு

ஒன்றை இப்போதே கேட்டு வையுங்கள். சாதாரண தரப் பெறுபேற்றில் தரம் மட்டும்தான் வரும், புள்ளி வராது. எஸ் என்றால் 35 இலிருந்து 49 வரை எதுவாகவும் இருக்கலாம். 36 எடுத்த பிள்ளைக்கும் 49 எடுத்த பிள்ளைக்கும் செய்ய வேண்டிய வேலை ஒன்றல்ல. பத்தாம், பதினோராம் தரங்களின் தவணைப் பரீட்சைக் கணித விடைத்தாள்கள் வீட்டில் இருந்தால் எடுத்துப் பாருங்கள். மொத்தப் புள்ளியைவிட எந்தக் கேள்விகளைத் தொடாமலே விட்டிருக்கிறாள் என்பதுதான் முக்கியம்.

13 ஆடி

விஞ்ஞானத்தில் பெற்ற பி சித்தியையும் சற்றுப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஆறாம் தரத்திலிருந்து பதினோராம் தரம் வரை விஞ்ஞானம் ஒரே பாடம். உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் மூன்றும் ஒரே நூலில் வந்து, ஒரே பெறுபேறாக முடிகின்றன. மனித உடற்றொகுதிகள், ஒளித்தொகுப்பு, சூழல் ஆகியவற்றை நன்றாக மனனம் செய்து, மின்னோட்டத்தையும் விசைச் சமநிலையையும் ஏறக்குறைய முழுதாக விட்டுவிட்ட பிள்ளையும் பி எடுக்கலாம். மூன்றையும் நடுத்தரமாகச் செய்த பிள்ளையும் அதே பி எடுக்கலாம். உயர்தரத்தில் அந்த மூன்றும் தனித்தனிப் பாடங்களாகப் பிரியும் அன்றுதான் முதற் பிள்ளையின் நிலைமை வெளியே தெரிகிறது. அப்போது முதலாம் தவணை பாதி கடந்திருக்கும்.

நான் பௌதிகவியல் கற்பித்தவன். உயிரியல் பிரிவு வகுப்பில் பிள்ளைகள் தடுக்கி விழும் இடம் எப்போதும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. அதைச் சொன்னால்தான் நான் கணிதம் என்று எதைக் குறிப்பிடுகிறேன் என்பது விளங்கும்.

எளிய ஊசற் பரிசோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். நூலில் ஒரு குண்டைக் கட்டித் தொங்கவிட்டு, நீளத்தை மாற்றி மாற்றி அலைவு காலத்தை அளக்கிறோம். நீளம் ஒரு மீற்றர் என்றால் அலைவு காலம் இரண்டு செக்கனுக்கு மிக அருகில் வரும். பிள்ளைகள் அளப்பதை ஆசையோடு செய்வார்கள். நிறுத்தற் கடிகாரத்தைக் கையில் வாங்கச் சண்டை கூட நடக்கும். அதன் பின் அலைவு காலத்தின் வர்க்கத்தை நீளத்துக்கு எதிரே வரைபாக்கச் சொல்வேன். புள்ளிகள் ஒரு நேர்கோட்டில் அமையும். அந்தக் கோட்டின் படித்திறனிலிருந்து, அதாவது சாய்விலிருந்து, புவியீர்ப்பு ஆர்முடுகலைக் காணுங்கள் என்றதும் வகுப்பில் பாதி நின்றுவிடும். கோட்டை வரைய அவர்களுக்குத் தெரியும், சூத்திரமும் பாடம். நான்கு பை வர்க்கத்தை ஈர்ப்பு ஆர்முடுகலால் வகுத்தால் வருவது அந்தப் படித்திறனே என்பதைத்தான் அவர்களால் காண முடிவதில்லை. சாதாரண தர வகுப்புகளில் நேர்கோட்டுச் சமன்பாட்டைப் படித்தபோது அச்சுகளில் எக்ஸ், வை என்ற இரண்டு எழுத்துகளைத்தான் பார்த்திருக்கிறார்கள். வை இருந்த இடத்தில் ஒரு காலத்தின் வர்க்கம் வந்து உட்கார்ந்ததும், தெரிந்த கணிதமே தெரியாத கணிதமாகிவிடுகிறது.

பௌதிகவியல் கேட்பது இந்த அளவுக் கணிதத்தையே: விகிதம், பத்தின் அடுக்குகள், ஒரு சூத்திரத்தில் வேண்டிய கணியத்தை ஒரு பக்கத்துக்குக் கொண்டுவருதல், நேர்கோட்டு வரைபு, செங்கோண முக்கோணியில் சைன், கோசைன், மடக்கை. அத்தனையும் சாதாரண தரப் பாடத்திட்டத்துக்குள் இருக்கின்றன. ஒன்றுகூட அதற்கு மேலானது அல்ல.

13 ஆடி, பிற்பகல்

பௌதிகவியலுக்கு வகையீடும் தொகையீடும் வேண்டும், ஆகையால் இணைந்த கணிதம் (மற்ஸ் பிரிவின் கணிதப் பாடம்) படிக்காத பிள்ளை அதில் கரையேற முடியாது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இது தவறு. எங்கள் உயர்தரப் பௌதிகவியல் பாடத்திட்டம் வகையீடு, தொகையீடு இல்லாமலே செய்யக்கூடியவாறு அமைந்தது. அவை இணைந்த கணிதத்துக்கு உரியவை. வேக நேர வரைபின் கீழுள்ள பரப்பு இடப்பெயர்ச்சியைத் தரும் என்பதைப் பத்தாம் தரத்துப் பிள்ளையே செய்கிறது. உயர்தரத்திலும் அதையேதான் இன்னும் கடினமான வரைபுகளோடு செய்கிறோம். இப்படியான அச்சுறுத்தல்களைக் கேட்டுத்தான் தகுதியுள்ள பிள்ளைகள் பலர் பிரிவையே மாற்றிக்கொண்டு போகிறார்கள்.

15 ஆடி

தாய் திரும்ப எழுதியிருக்கிறார்: உயிரியலுக்கும் இரசாயனவியலுக்கும் ஏற்கெனவே ரியூசனில் சேர்த்தாகிவிட்டது, கணிதத்துக்கும் ஒன்று போடுவதா?

போட வேண்டாம் என்பதே என் கருத்து. காலை ஒரு ரியூட்டரி, மாலை ஒரு ரியூட்டரி என்று சைக்கிளில் ஓடும் பிள்ளைக்கு இன்னொரு வகுப்பு இன்னொரு கொப்பியைத்தான் கொடுக்கும். அவளுக்கு இப்போது தேவை கொப்பியும் கையுமாகத் தனியே உட்காரும் நேரம். கையில் இருக்கும் நூல்களே போதும். பதினோராம் தரம் வரை அரசு இலவசமாகத் தந்த கணித நூல்களைப் பழைய பேப்பர்காரருக்குப் போடாமல் வைத்திருந்தால், ஒன்பதாம் தரத்திலிருந்து தொடங்குங்கள். உயர்தரத்துக்கு அப்படி ஒரு இலவசப் பாடநூல் கிடையாது. தேசிய கல்வி நிறுவகத்தின் வள நூல்களும் ஆசிரியர் தரும் குறிப்புகளும்தான். ஆகவே பழைய நூல்களின் அருமை இனித்தான் தெரியும்.

வரிசையும் முக்கியம். சூத்திரத்தை மாற்றியமைத்தலை முதலில் செய்யட்டும். அதன் பின் பத்தின் அடுக்குகள், வரைபு, கடைசியாகத் திரிகோண கணிதம். பதினோராம் தர நூலில் திரிகோண கணிதம் பிற்பகுதியில் வருவதால், பரீட்சை நெருங்கிய அவசரத்தில் பல பாடசாலைகளில் அது ஓடி முடிக்கப்படுகிறது. அந்த அத்தியாயத்தைப் புதிதாகப் படிப்பது போலவே படிக்க வேண்டும்.

எல்லாவற்றையும் கணிப்பான் இல்லாமல் செய்யட்டும். உயர்தரப் பௌதிகவியல் பரீட்சையிலும் இரசாயனவியல் பரீட்சையிலும் கணிப்பானுக்கு இடமில்லை. பல்தேர்வு வினாத்தாளில் இரண்டு மணி நேரத்துக்கு 50 வினாக்கள். ஒன்றுக்கு இரண்டரை நிமிடம்கூட முழுதாக இல்லை. 0.0036 இன் வர்க்கமூலத்தைக் கைத்தொலைபேசியில் தட்டிப் பழகிய விரல் அங்கே உதவாது. அது 36 இன் வர்க்கமூலத்தைப் பத்தின் அடுக்கோடு சேர்த்து 0.06 என்று பார்த்தவுடன் சொல்லும் பழக்கம் வேண்டும். அந்தப் பழக்கம் ஒரு மாத ஓய்வு நேரத்தில் வந்துவிடும்.

18 ஆடி

இதுவரை எழுதியதைத் திரும்ப வாசித்தேன். பௌதிகவியல்காரன் எழுதியது என்பது வரிக்கு வரி தெரிகிறது. இரசாயனவியலுக்கு உரிய இடத்தையும் கொடுக்க வேண்டும். அங்கே தேவைப்படும் முன்னறிவு வேறு விதமானது.

இரசாயனவியலில் கணிப்பு கடினமானதல்ல. பெருக்கலும் வகுத்தலும் விகிதமும்தான். ஆனால் அந்த விகிதம் எதற்கும் எதற்கும் இடையில் என்று தெரிய மூல் (அணுக்களையும் மூலக்கூறுகளையும் எண்ணும் அலகு) என்ற எண்ணக்கரு உறுதியாக இருக்க வேண்டும். அது பத்தாம் தர விஞ்ஞானத்திலேயே வந்துவிடுகிறது; அவகாதரோ மாறிலியும் மூலர்த் திணிவும் அங்கேயே அறிமுகமாகின்றன. பலர் அதை ஒரு கணக்காகச் செய்துவிட்டு விட்டுவிடுகிறார்கள். சோதித்துப் பார்க்க ஒரு சிறிய கேள்வி போதும்: 36 கிராம் நீரில் எத்தனை மூல் ஐதரசன் அணுக்கள் உள்ளன? நீரின் மூலர்த் திணிவு 18 என்பதை வைத்து 'இரண்டு' என்று எழுதி நிறுத்தும் பிள்ளை நீர் மூலக்கூறுகளை எண்ணியிருக்கிறது. விடை நான்கு. ஒவ்வொரு மூலக்கூறிலும் இரண்டு ஐதரசன் அணுக்கள் இருப்பதை அது மறக்கவில்லை. கேட்டால் உடனே சொல்லும். எதை எண்ணுகிறோம் என்ற கேள்வியைத் தன்னிடமே கேட்கும் பழக்கம்தான் இன்னும் வரவில்லை.

இந்தப் பழக்கம் இல்லாமல் நியமிப்புக்கு (ஒரு கரைசலைக் கொண்டு மற்றதன் செறிவைக் காணும் பரிசோதனைக்கு) போனால் துன்பம்தான். 25 கன சென்ரிமீற்றர் சோடியம் ஐதரொட்சைட்டுக் கரைசல், செறிவு 0.1, அளவியிலிருந்து 20 கன சென்ரிமீற்றர் ஐதரோகுளோரிக்கமிலம் செலவாகிறது, அமிலத்தின் செறிவு என்ன? விடை 0.125. இங்கே ஒன்றுக்கு ஒன்று என்ற விகிதம் இருப்பதால், மூல் விளங்காத பிள்ளையும் சூத்திரத்தில் போட்டு விடையை எடுத்துவிடும். அடுத்த கேள்வியில் சல்பூரிக்கமிலத்தை வைத்தால் விகிதம் இரண்டுக்கு ஒன்றாகி, அதே சூத்திரம் பிள்ளையை ஏமாற்றிவிடும்.

மடக்கையும் இங்கே வருகிறது. ஐதரசன் அயன் செறிவு 2 × 10⁻³ என்றால் பீ.எச். பெறுமானம் 2.70. மூன்றிலிருந்து இரண்டின் மடக்கையான 0.30 ஐக் கழித்தால் போதும். இதைக் கண்டு பயப்படும் பிள்ளை உண்மையில் மடக்கை விதிகளைக் கண்டுதான் பயப்படுகிறது.

18 ஆடி, இரவு

உயிரியலிலும் கணிதம் வருகிறது என்று ஓர் ஆசிரியை சுட்டிக்காட்டியிருக்கிறார். உண்மை. பிறப்புரிமையியலில் நிகழ்தகவு இல்லாமல் ஓர் அடி வைக்க முடியாது. ஆட்சியற்ற இயல்பைக் காட்டுவோர் குடித்தொகையில் நூற்றுக்கு நான்கு பேர் என்றால், ஹார்டி வைன்பேர்க் கோட்பாட்டின்படி அந்த எதிருருவின் (மரபணு வடிவத்தின்) மீடிறன் 0.2, அதைக் காவுவோர் இரண்டு தரம் 0.2 தரம் 0.8, அதாவது நூற்றுக்கு 32 பேர். சாதாரண தரக் கணிதத்தின் ஈருறுப்புக் கோவையின் வர்க்கம்தான் இது, வேறொன்றும் இல்லை.

19 ஆடி

பௌதிகவியலைத் தவிர்த்துவிட்டு விவசாய விஞ்ஞானம் எடுக்கலாமா என்ற கேள்விக்கு: எடுக்கலாம், உயிரியல் பிரிவில் அதற்கு இடமுண்டு. அதில் ஆர்வமுள்ள பிள்ளைக்கு அது நல்ல தெரிவும்கூட. விவசாய பீடம் கிளிநொச்சியில் அறிவியல் நகரிலேயே இருக்கிறது. ஆனால் மருத்துவத்துக்கு உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் மூன்றும் கட்டாயம். கணிதப் பயத்தினால் மட்டும் மாற்றுவதாக இருந்தால், முதலில் அந்த ஒரு மாத வேலையைச் செய்து பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

22 ஆடி

பருத்தித்துறையிலிருந்து ஒரு தந்தை. மகன் கணிதத்தில் ஏ, விஞ்ஞானத்தில் எஸ். மற்ஸ் பிரிவுக்குத் தகுதி உண்டு, கணிதமும் கைவந்த பிள்ளை, ஆகவே கவலை இல்லை அல்லவா என்று கேட்கிறார்.

கவலை உண்டு, ஆனால் மறு பக்கத்திலிருந்து. இப்படிப்பட்ட மாணவர்கள் எனக்கு நிறையப் பேர் வாய்த்தார்கள். சமன்பாடு கிடைத்துவிட்டால் கண்ணிமைக்கும் நேரத்தில் தீர்த்துவிடுவார்கள். சமன்பாட்டை எழுதுவதுதான் அவர்களுக்குச் சிக்கல். சாய்தளத்தில் 20 நியூற்றன் நிறையுள்ள ஒரு பெட்டி, தளம் கிடையுடன் 30 பாகை. நிறையின் தளத்தின் வழியான கூறு 10 நியூற்றன், தளத்துக்குச் செங்குத்தான கூறு ஏறத்தாழ 17.3 நியூற்றன். கணிதத்தில் ஏ எடுத்த பிள்ளைக்கு இது ஒரு வரி. ஆனால் பெட்டி அசையாமல் நிற்கிறது, உராய்வு விசை எவ்வளவு என்று கேட்டால், உராய்வுக் குணகத்தைத் தேடத் தொடங்கிவிடும். நிற்கும் பெட்டிக்கு உராய்வு தேவையான அளவே தொழிற்படும், ஆகவே அதுவும் அந்த 10 நியூற்றன்தான் என்பது கணிதத்தில் இல்லை. விஞ்ஞான நூலில், பத்தாம் தரத்து உராய்வுப் பாடத்தில் இருக்கிறது. அந்தப் பாடத்தில் எஸ் எடுத்தால் இந்த இடைவெளி வரும்.

ஆகவே அந்தத் தந்தைக்கு என் ஆலோசனை, முன்பு தாய்க்குச் சொன்னதன் மறுதலை. இணைந்த கணிதத்துக்கு இப்போதே ஓட வேண்டாம்; அதை அவன் பார்த்துக்கொள்வான். பத்தாம், பதினோராம் தர விஞ்ஞான நூல்களில் நேர்கோட்டு இயக்கம், நியூற்றனின் விதிகள், உராய்வு, திருப்பம், நீர்நிலையியல் அமுக்கம், ஓட்ட மின்னியல், அலைகள், வெப்பம் ஆகிய அத்தியாயங்களை ஒரு கதை போல வாசித்து, ஒவ்வொரு செயற்பாட்டையும் தன் சொற்களில் சொல்லப் பழகட்டும்.

இரசாயனவியலை விட்டுத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் எடுக்கும் எண்ணமும் அவனுக்கு இருப்பதாக எழுதியிருக்கிறார். பிரிவு அதை அனுமதிக்கிறது. பொறியியல் பீடம் இலக்காக இருந்தால் இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் மூன்றும் வேண்டும். பதினாறு வயதில் ஒரு கதவை மூடும்போது எந்தக் கதவை மூடுகிறோம் என்று தெரிந்து மூடட்டும்.

27 ஆடி

இதுவரை பேசியதெல்லாம் நகரத்துப் பிள்ளைகளைப் பற்றியே. தீவகத்தில் (யாழ்ப்பாணத்தை அண்டிய தீவுகளில்) கற்பித்த காலத்தை நினைத்தால் இன்னொரு நிபந்தனையும் கண்ணில் நிற்கிறது. அது எந்தச் சுற்றறிக்கையிலும் முன்தகைமையாக எழுதப்பட்டதல்ல.

உயர்தர விஞ்ஞானப் பிரிவு 1 ஏபி தரப் பாடசாலைகளில் மட்டுமே உண்டு. 1 சி பாடசாலையில் கலையும் வர்த்தகமும் இருக்கும். இரண்டாம் வகைப் பாடசாலை பதினோராம் தரத்தோடு முடிந்துவிடும். அப்படியான பாடசாலையிலிருந்து விஞ்ஞானத்தில் நல்ல பெறுபேறு எடுத்து வரும் பிள்ளை புதுப் பாடசாலை தேட வேண்டும், சில வேளை புது ஊரும் தேட வேண்டும். நெடுந்தீவிலிருந்து வருவதானால் குறிகட்டுவான் வரை படகு, அதன் பின் பேருந்து. தினமும் அது நடக்காது, உறவினர் வீடோ விடுதியோ வேண்டும். அனுமதிக் கடிதங்கள், நேர்முகங்கள், விடுகைப் பத்திரம் என்று அலைந்து அந்தப் பிள்ளை வகுப்பில் வந்து உட்காரும்போது பௌதிகவியலில் அளவீடு என்ற முதல் அலகு முடிந்திருக்கும். மொத்தம் பதினொரு அலகுகள். அளவீட்டை விட்டால் மற்றவற்றுக்குப் பாதிப்பில்லை என்று சிலர் ஆறுதல் சொல்வார்கள். வேணியர் இடுக்கி, திருகுக் கணிச்சி என்ற நுண்ணளவுக் கருவிகளைத் தொடாத பிள்ளை, பின்னர் வரும் ஒவ்வொரு பரிசோதனையிலும் கருவியைப் பக்கத்துப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டு வாசிப்பை எழுதும் ஆளாகவே இருந்துவிடும். நான் பார்த்தது அதுதான்.

அதே தீவகப் பிள்ளைகளுக்கு வேறு சில முன்னறிவு நகரத்துப் பிள்ளைகளைவிட அதிகமாக இருந்ததையும் சொல்ல வேண்டும். மிதப்பையும் அமுக்கத்தையும் பற்றி வள்ளத்தில் ஏறி இறங்கும் பிள்ளையிடம் பேசுவது இலகு. 1990களின் முற்பகுதியில் குடாநாடு மின்சாரமின்றி இருந்தபோது சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டு வளர்ந்த தலைமுறைக்கு, சுழலும் வேகம் கூடினால் தூண்டப்படும் மின்னியக்க விசை கூடும் என்பதை நான் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. பாடம் அவர்களுடைய கையில் இருந்தது. நான் அதற்குச் சமன்பாட்டை மட்டும் கொடுத்தேன். இவற்றை எந்தப் பெறுபேற்றுத் தாளும் காட்டாது.

3 ஆவணி

ஓர் அதிபர், உயிரியல் பிரிவுக்குக் கணிதத்தில் பி கேட்பதே எல்லோருக்கும் நல்லது, பலவீனமான பிள்ளைகளைச் சேர்த்து மூன்று பாடத்திலும் சித்தியின்றி அனுப்புவதால் யாருக்கு லாபம் என்று கேட்டிருக்கிறார். அவருடைய கவலை உண்மையானது. ஆனாலும் நான் உடன்படவில்லை.

கணிதத்தில் எஸ் எடுத்த பிள்ளைகளை இரண்டாகப் பிரிக்கலாம். ஒரு பகுதியினருக்குக் கணிதம் உண்மையிலேயே ஏறவில்லை. மறுபகுதியினருக்கு எட்டாம், ஒன்பதாம் தரங்களில் ஏதோ ஒரு காரணத்தால், ஆசிரியர் இல்லாத ஒரு தவணையாலோ வீட்டில் ஒரு சாவு, ஒரு இடமாற்றத்தாலோ, ஒரு கண்ணி அறுந்திருக்கிறது. அதன் பின் வந்தவை அந்த அறுந்த இடத்திலிருந்தே தொங்குகின்றன. பெறுபேற்றுத் தாளில் இருவருக்கும் ஒரே எஸ். பி கேட்டால் இரண்டாவது பகுதியினரை நாம் காணாமலே திருப்பி அனுப்பிவிடுவோம். அந்தப் பிள்ளைகளில் சிலர் இன்று மருத்துவர்கள் என்பது எனக்குத் தெரியும்; அவர்கள் என் வகுப்பில் இருந்தார்கள்.

நான் கற்பித்த ஒரு பாடசாலையில், உயர்தர வகுப்பு தொடங்கும் வாரத்தில் ஒரு சிறு தாள் கொடுப்போம். உயிரியல் கேள்வி ஒன்றும் இருக்காது. ஒரு சூத்திரத்தை மாற்றியமைக்க வேண்டும், ஒரு வரைபின் படித்திறனைக் காண வேண்டும், மில்லிமீற்றரை மீற்றராக்க வேண்டும், ஒரு மூல் கணக்கு, ஒரு சாய்தளம். புள்ளி போடுவதில்லை, பெற்றோருக்கு அனுப்புவதும் இல்லை. எந்தக் கேள்வியில் யார் நின்றார்கள் என்று மட்டும் குறித்துவைத்து, முதல் மாதத்தில் பாடசாலை விட்ட பின் அந்த இடத்தைச் சரிசெய்வோம். சேர்ந்து உட்கார்ந்தவர்களில் மற்ஸ் பிள்ளைகளும் இருந்தார்கள், உயிரியல் பிள்ளைகளும் இருந்தார்கள். வகுப்பறையில் கணிதம் வராத பிள்ளை என்ற பெயர் யாருக்கும் விழவில்லை. முன்தகைமையைச் சோதிப்பதானால் இப்படிச் சோதிக்க வேண்டும்.

எல்லோரும் தப்பிவிட்டார்கள் என்று சொல்ல மாட்டேன். முதலாம் வருட முடிவில் பிரிவை மாற்றிக்கொண்டவர்களும் உண்டு. 2013 இல் தொழில்நுட்பப் பிரிவு அறிமுகமான பின் அவர்களுக்கு ஒரு நல்ல வழி திறந்தது. ஆனால் அதிலும் தொழில்நுட்பத்திற்கான விஞ்ஞானம் என்ற பாடத்தில் இதே கணிதமும் இதே பௌதிகவியலும் காத்திருக்கின்றன. கணிதத்திலிருந்து தப்பி ஓடும் இடமாக அந்தப் பிரிவைக் கருதி வருபவர்கள் அங்கும் சிரமப்படுவார்கள்.

10 ஆவணி

மகள் ஒன்பதாம் தர நூலை முடித்துப் பத்தாம் தர நூலில் இருக்கிறாள் என்று தாய் எழுதியிருக்கிறார். சூத்திரம் மாற்றுவது இப்போது தயங்காமல் வருகிறதாம். வரைபில் அளவிடை தெரிவு செய்வதில்தான் இன்னும் குழப்பம். அச்சில் ஒரு பெரிய சதுரத்துக்கு மூன்று அல்லது ஏழு என்று எடுக்கிறாள் என்று நினைக்கிறேன். அப்படித்தான் எல்லோரும் தொடங்குவார்கள். ஒன்று, இரண்டு, ஐந்து, அல்லது இவற்றின் பத்து மடங்குகள் மட்டும் என்று கட்டுப்படுத்திக்கொள்ளட்டும். புள்ளிகள் தாளின் பாதிக்கு மேல் பரவியிருக்க வேண்டும். படித்திறன் காண எடுக்கும் இரண்டு புள்ளிகளும் கோட்டின் மீது, ஒன்றுக்கொன்று தொலைவில் இருக்க வேண்டும்; அட்டவணையில் உள்ள வாசிப்புகளைத் தூக்கிப் போடக்கூடாது.

10 ஆவணி, இரவு

செய்முறைப் பரீட்சை இல்லாதபோது பரிசோதனைகளுக்கு ஏன் இவ்வளவு நேரம் செலவிட வேண்டும் என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். தனியான செய்முறைப் பரீட்சை இப்போது இல்லைதான். ஆனால் பௌதிகவியல் இரண்டாம் வினாத்தாளின் அமைப்புக் கட்டுரைப் பகுதியில் உள்ள நான்கு கேள்விகளும் கட்டாயம். அவற்றில் பெரும் பங்கு பரிசோதனைகளைப் பற்றியவை: இந்த அளவீட்டுக்கு எந்தக் கருவி, ஏன் அது, எந்த வழு, அதை எப்படிக் குறைப்பாய், எந்தக் கணியத்தை எதற்கு எதிரே வரைவாய். பரிசோதனையைக் கையால் செய்த பிள்ளைக்கு அந்தக் கேள்விகள் நினைவு மீட்டலாக இருக்கும். குறிப்புக் கொப்பியில் மட்டும் பார்த்த பிள்ளை அங்கே ஊகிக்கத் தொடங்கும். ரியூட்டரியில் ஆய்வுகூடம் கிடையாது. ஆகவே பாடசாலையில் செய்முறைப் பாடவேளை இருக்கும் நாளில் எந்தக் காரணத்துக்காகவும் பிள்ளையை வீட்டில் மறிக்காதீர்கள்.